காட்டாமணக்கு வேலியிலேயே நிற்கட்டும்

மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டை எம்மில் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியது. மரக்கறித் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் இயந்திரமும், லயத்து அடுப்பும், மின்சாரம் எட்டாத கொட்டில்களின் விளக்கும் ஒன்றாகவே அணைந்தன. அந்த நாட்களுக்குப் பிறகு, “எண்ணெயை நாமே விளைவித்தால் என்ன?” என்ற கேள்வி மலையகத்தில் அடிக்கடி எழுகிறது. கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் செடியின் பெயர் காட்டாமணக்கு. தரிசிலும் வளரும், தண்ணீர் கேட்காது, மாடு தின்னாது, விதையை ஆட்டினால் டீசல் கிடைக்கும் என்பது அதைப் பற்றிய பேச்சு.

இந்தப் பேச்சு பெரும்பாலும் யாரைத் தேடி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தமாகப் பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் எவரும் தரிசு நிலத்துச் செடியைப் பற்றிப் பேசுவதில்லை. மண்சரிவில் லயத்தை இழந்து வேறு பிரிவுக்கு மாறியவர்கள், மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகத் தலவாக்கலையில் எழும்பிப் போனவர்கள், 1977 இன் கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய், அங்கே காடு வெட்டிக் குடியேறி, பின்பு யுத்தத்தால் அங்கிருந்தும் பெயர்ந்தவர்கள் ஆகியோரிடமே இப்படிப்பட்ட யோசனைகள் கொண்டுவரப்படுகின்றன. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்ததையும் பார்த்த பிறகு, இடம்பெயர்ந்த குடும்பம் என்றால் யார் என்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கையில் இருப்பது சிறு துண்டு நிலம். அதில் எதை நடுவது என்ற தீர்மானத்தில் ஒருமுறை தவறினால், மீண்டும் எழும்ப ஐந்து வருடமாவது செல்லும்.

ஆகவே எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காட்டாமணக்கை வேலியில் நடலாம். கிழங்கும் மரக்கறியும் போடும் நிலத்தில் அதை நடவேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

வழக்கமாகச் சொல்லப்படும் இடைவெளி இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர். அப்படியானால் ஒரு ஹெக்டயரில் 2,500 செடிகள் நிற்கும். காய் ஒன்றில் பெரும்பாலும் மூன்று விதை. ஒரு கிலோ விதைக்கு ஏறத்தாழ 1,500 விதைகள் தேவை, அதாவது ஏறத்தாழ 500 காய்கள். கிராமத்துச் செக்கிலோ சிறிய ஆலையிலோ ஆட்டினால் ஒரு லீற்றர் எண்ணெய்க்கு நான்கு கிலோ விதை போகும். எனவே ஒரு லீற்றருக்கு 2,000 காய்களைப் பறித்து, உரித்து, உலர்த்த வேண்டும். காய்களோ ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே குலையில் பச்சைக் காயும், மஞ்சள் காயும், கறுத்த காயும் சேர்ந்தே நிற்கும். கொழுந்து எடுப்பதைப் போலத் திரும்பத் திரும்ப அதே செடியிடம் போகவேண்டும். கொழுந்து எடுக்கும் எமது பெண்களுக்கு இதன் அர்த்தம் மற்றவர்களை விட நன்றாகப் புரியும்.

விளைச்சல் எவ்வளவு? ஆசை காட்டுபவர்கள் செடிக்கு ஒன்றரைக் கிலோ என்பார்கள். பராமரிப்பும் தண்ணீரும் இல்லாத நிலங்களில் ஹெக்டயருக்கு அரைத் தொன்னையும் எட்டாத தோட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அரைத் தொன் என்றால் செடிக்கு 200 கிராம். இனி எமது மலையகத்துக் கணக்குக்கு வருவோம். புதிய வீட்டுக்கென்று தரப்பட்ட 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீட்டையே கட்டாமல் முழுவதிலும் நட்டால்கூட 44 செடிகள்தான் அடங்கும். செடிக்கு 200 கிராம் வீதம் வருடத்துக்கு ஒன்பது கிலோவுக்கும் சற்றுக் குறைவு. எண்ணெய் இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு வருடத்துக்கு!

“ஒரு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தால்?” என்று கேட்கலாம். அதையும் போட்டுப் பார்த்தோம். ஏக்கரில் ஏறத்தாழ ஆயிரம் செடி, 200 கிலோ விதை, 50 லீற்றர் எண்ணெய். 2022 ஓகஸ்டின் அந்த 340 ரூபா விலையையே வைத்து, ஆலைக்காரர், லொறிக்காரர், தரகர் ஒருவரும் ஒரு சதமும் எடுக்கவில்லை என்று கற்பனை செய்தாலும் 17,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தால் வகுத்தால் 12 பேருக்கும் கொஞ்சம் கூட. ஒரு ஏக்கர் நிலம் ஒரு வருடம் முழுவதும் நின்று பன்னிரண்டு பதின்மூன்று பேர் போட்ட சம்பளத்தைத் தருகிறது. ஆனால் அந்த ஒரு லட்சம் காய்களைப் பறித்து உரிக்க எத்தனை பேர் போடவேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஒன்றரைக் கிலோ என்ற ஆசைக் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும் 7 பேர்ச்சில் பதினாறு லீற்றர், அதாவது நான்கு நாள் சம்பளம். சந்தேகப்படுபவர்கள் தாளும் பேனாவும் எடுத்து நாம் செய்ததைச் சரிபார்க்கலாம்.

அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது? 2003 இல் இந்தியத் திட்டக் கமிஷனின் உயிரெரிபொருள் குழு தந்த அறிக்கையில், செடிக்கு ஒன்றரைக் கிலோ, ஹெக்டயருக்கு மூன்றே முக்கால் தொன் என்ற கணக்கு இருந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களே இச்செடியைப் பற்றி ஊரூராகப் பேசினார். 2009 இன் தேசிய உயிரெரிபொருள் கொள்கை, 2017 ஆகும்போது டீசலில் ஐந்திலொரு பங்கு உயிரெரிபொருளாக இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. 2017 வந்து போனது, இலக்கின் அருகிலும் எவரும் போகவில்லை.

தமிழ்நாட்டில் நடந்தது எமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு கப்பலேறிய எமது உறவுகள் பலர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளிடையே செய்யப்பட்ட ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. விளைச்சல் சொல்லப்பட்டதற்கு வெகு கீழே நின்றது என்றும், தண்ணீரும் வேறு வருமானமும் உள்ள பெரிய விவசாயிகள்தான் நட்டத்தைத் தாங்கினார்கள் என்றும், சிறியவர்கள் சாப்பாட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் உதவிய பயிரை இழந்தார்கள் என்றும் அது காட்டியது. நிலக்கடலை போட்டால் பருப்பு மனிதருக்கு, கொடி மாட்டுக்கு, பிண்ணாக்கும் மாட்டுக்கு. காட்டாமணக்கில் இலையையும் மாடு தொடாது, பிண்ணாக்கும் நஞ்சு. விளைச்சல் பொய்த்த வருடத்தில் கடலைக்காரரிடம் கொடியாவது மிஞ்சியது.

பணம் படைத்தவர்களும் இதில் கைசுட்டுக்கொண்டார்கள். பிரித்தானியாவின் டீ1 ஒயில்ஸ் கம்பனியோடு பிபி எண்ணெய்க் கம்பனி 2007 இல் கூட்டுச் சேர்ந்தது, இரண்டே வருடத்தில், 2009 இல், விலகிக்கொண்டது. அதே 2009 இல் கென்யாவில் உலக வேளாண்காடு மையமும் கென்ய வனவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து சிறு விவசாயிகளின் நிலங்களைப் பார்த்து ஓர் அறிக்கை தந்தன. தனிப்பயிராகவும் ஊடுபயிராகவும் இது கட்டுப்படியாகாது, உயிர்வேலியாக மட்டும் நடலாம் என்பது அதன் முடிவு. சிங்கள மக்கள் இச்செடிக்கு வைத்த பெயர் ‘வெட்ட எண்டரு’. வெட்ட என்றால் வேலி. வேலி ஆமணக்கு! நிபுணர்கள் பல நாடுகள் சுற்றி வந்து சொன்னதை ஊர்ச்சனம் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். காட்டாமணக்கு தரிசிலும் வளரும் என்பது பொய்யல்ல. வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டு, தடித்த தண்டில் உள்ள ஈரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அப்படி நிற்கும் செடி காய்க்காது. காய்க்க வேண்டுமானால் மற்றப் பயிர்களைப் போலவே அதற்கும் உரம் வேண்டும், அளவான மழை வேண்டும், வெயில் வேண்டும். வெயில் என்ற இடத்தில்தான் எமது மலைகள் இடிக்கின்றன. இது மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி, சூட்டை விரும்புவது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. தை, மாசியில் பனி விழுந்து தேயிலைத் தளிரே கருகிப்போகும் இடம் அது. உறைபனியைக் காட்டாமணக்கு தாங்காது. ஹட்டன், வட்டவளைப் பக்கம் பனியில்லை, ஆனால் மாதக்கணக்கில் விடாத மழை. வேரில் தண்ணீர் தேங்கினால் இச்செடி அழுகும். மூடுபனியும் மழையுமாக நிற்கும் நாட்களில் பூவைத் தேடித் தேனீயும் வராது. வலப்பனை, ஹங்குரன்கெத்தை ஆகிய கிழக்குச் சரிவுகளின் கீழ்ப்பகுதி வேறு. அங்கே வேலியில் அது நன்றாக நிற்கும்.

“விளைச்சலைக் கூட்டும் வழிகள் வந்திருக்கின்றனவே” என்று படித்த பிள்ளைகள் எம்மிடம் சொல்வதுண்டு. உண்மை, வழிகள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. காட்டாமணக்குப் பூங்கொத்தில் ஒரு பெண்பூவுக்கு இருபது, இருபத்தைந்து ஆண்பூக்கள் இருக்கும். பெண்பூதான் காயாகும். சைற்றோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பெண்பூக்களைக் கூட்டலாம் என்று சீன ஆய்வாளர்கள் 2011 இல் காட்டினார்கள். ஆய்வுத் தோட்டத்தில் அது சரி. எமது குடும்பங்கள் அந்த மருந்தை எங்கே வாங்குவது, எந்தக் காசில் வாங்குவது?

அடுத்தது கவ்வாத்து. இச்செடி கிளையின் நுனியில்தான் பூக்கும். நுனி கூடினால் பூங்கொத்தும் கூடும். ஆகவே இளஞ்செடியைத் தாழ்வாக வெட்டிக் கிளைக்க விடவேண்டும். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கவ்வாத்து அடித்த தேயிலை மலைக்கு உரம் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே கைகளுக்குத் தெரியும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது அதைத் தேயிலையிலும் மரக்கறியிலும் கண்ணால் கண்டோம்.

மூன்றாவது இனம். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நிற்கும் காட்டாமணக்குகளில் பெரும்பாலானவை மிகச் சிறிய மரபுவட்டத்தைச் சேர்ந்தவை. போர்த்துக்கீசர் கேப் வேர்ட் தீவுகள் வழியாகக் கொண்டுவந்த கொஞ்ச விதையின் வாரிசுகள் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இருப்பதிலே நல்லதைப் பொறுக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. தாய்நாடான மெக்சிக்கோப் பக்கத்து வகைகளோடு கலப்புச் செய்து, பல தலைமுறை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதற்குத் தலவாக்கலையைப் பார்த்தாலே போதும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கியது. சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் பல்லாயிரம் செடிகளில் நல்லதைத் தேடி, வெட்டுத்தண்டில் பதியம் வைத்து, நிறுத்துப் பார்த்து, டீ.ஆர்.ஐ. 2025 போன்ற வீ.பி. தேயிலை இனங்கள் மலைகளுக்கு வந்து சேர ஒரு தலைமுறைக்காலம் எடுத்தது. அதற்கு நிலையான நிறுவனம் இருந்தது, வரிப்பணம் இருந்தது, வாங்குவதற்கு உலகச் சந்தை இருந்தது. அவற்றில் ஒன்றாவது காட்டாமணக்கின் பின்னால் இந்நாட்டில் நின்றதாக நாம் அறியோம். இடைப்பட்ட காலத்தில் தரம் தெரியாத விதையை ‘உயர் விளைச்சல்’ என்று எவராவது பொட்டலம் கட்டி விற்றால், மூன்று வருடம் கழித்துத்தான் எமக்கு உண்மை தெரியவரும். விற்றவர் அப்போது எங்கே இருப்பாரோ!

வெட்டுத்தண்டைப் பற்றி இன்னொரு செய்தி. தண்டு நட்டால் சீக்கிரம் காய்க்கும், ஆனால் ஆணிவேர் இறங்காது. விதையில் வந்த செடிக்குத்தான் ஆணிவேர். சரிவு நிலத்தில், அதுவும் ஒருமுறை சரிந்த மலையில், மண்ணைப் பிடிக்கவென்று எவராவது காட்டாமணக்குத் தண்டுகளை ஊன்றச் சொன்னால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிசயச் செடிகள் இந்த மலைகளுக்குப் புதியனவும் அல்ல. 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியபோது, துரைமார் தேயிலைக்கு வருமுன் சிங்கோனாவை நோக்கி ஓடினார்கள். காய்ச்சலுக்கான கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து வருவது. ஹக்கலைப் பூந்தோட்டமே 1861 இல் அந்த மரத்துக்காகத் தொடங்கியதுதான். எல்லோரும் நட்டார்கள், பட்டை குவிந்தது, 1880களில் விலை சரிந்தது. துரைமார் மரங்களை வெட்டிவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். அவர்களுக்கு மாறுவதற்கு நிலம் இருந்தது. கோப்பி விழுந்த அந்த வருடங்களில் எமது முன்னோருக்கு மிஞ்சியது பல தோட்டங்களில் கொடுபடாத சம்பள நிலுவை.

நிலத்துக்கே வருவோம். காட்டாமணக்கு ஓரளவாவது காய்க்க மூன்று வருடம் வேண்டும், முழுமையாகக் காய்க்க அதற்கும் மேல். காணி உறுதி கையில் இல்லாத குடும்பம் மூன்று, நான்கு வருடம் களை பிடுங்கி, உரம் போட்டுக் காத்திருக்கும் செடி யாருடையது? பெருந்தோட்டங்களின் காணி அரசுக்குரியது. கம்பனிகளின் கையில் இருப்பது 2045 வரையான குத்தகை. அந்தக் கம்பனியிடமிருந்து வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் ‘கைவிடப்பட்ட மலை’யில் வருடப் பயிர் போட்டால், எழும்பச் சொன்னாலும் ஒரு போகமாவது வீட்டுக்கு வந்திருக்கும். நீண்டகாலச் செடி நட்டால் எழும்புவது நாம், காய் பறிப்பது வேறொருவர். இரண்டு, மூன்று முறை எழும்பியவர்களுக்கு இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் எரிபொருளுக்கு என்ன வழி? எமது வீடுகளில் உண்மையான எரிபொருள் பிரச்சினை டீசல் அல்ல, விறகு. கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண் தலையில் சுமந்து வருவது அதைத்தான். பச்சை எண்ணெயை அப்படியே விளக்கில் ஊற்றினால் தடிப்பாக இருப்பதால் திரியில் ஏற மறுக்கும். இயந்திரத்துக்கு ஏற்ற டீசலாக்க மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் ஒரு சிறு தொழிற்சாலையும் தேவை. கிளிரிசீடியாவுக்கு அவை ஒன்றும் வேண்டாம், வெட்டிக் காயவைத்தால் போதும். 2005 இல் அரசு அதை நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது. வலப்பனையில் அதன் விறகால் ஓடும் ஒரு மெகாவாட் மின்நிலையமும் அக்காலத்தில் கட்டப்பட்டது. இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், மண்ணுக்கு உரமாகும், மிளகுக்கொடி ஏற மரமாகும். உயரமான குளிர்ந்த பகுதிகளில் அதுவும் சரியாக வராது. அங்கே எமது பழைய முள்முருக்கும் சவுக்கும் இருக்கின்றன. மாடு வைத்திருக்கும் வீடுகள் சாணவாயுவையும் யோசிக்கலாம், குளிரில் வாயு குறைவாக வரும் என்பதைத் தெரிந்துகொண்டு.

இவ்வளவும் சொன்னதால், பரிசோதனையே வேண்டாம் என்பது எமது நிலைப்பாடு அல்ல. ஒரு நிறுவனமோ திணைக்களமோ இங்கே காட்டாமணக்கை முயன்று பார்க்க விரும்பினால் செய்யட்டும், தனது நிலத்தில், தனது செலவில். எமது குடும்பங்களின் நிலத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், காய்க்கும்வரையான வருடங்களுக்குப் பராமரிப்புக் கூலியையும், விதையை வாங்கும் விலையையும் எழுத்தில் தரட்டும், பிரதேச செயலாளர் முன்னிலையில். நிறுவையின்போது எமது தராசும் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்தில் கிலோக் கழித்த கதையை இன்னொரு பயிரில் தொடர எமக்கு விருப்பமில்லை.

ஏற்கெனவே வேலியில் காட்டாமணக்கு நிற்கும் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். இவ்வருடம் காய்களைக் கறுக்கக் கறுக்கப் பறித்து, உரித்து, நிழலில் உலர்த்தி, எத்தனை செடிக்கு எத்தனை கிலோ என்று நிறுத்து எழுதிவையுங்கள். ஊரின் பெயரையும், செடியின் வயதையும், பறிக்கச் சென்ற நாட்களையும் சேர்த்து எமக்கு அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். விதையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தின்பதற்கு இனிப்பாக இருக்கும், இரண்டு மூன்று விதையே கடுமையான வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். எந்தப் பிள்ளையாவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மிஞ்சிய காயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.